முகம் மாறிய நோட்டுகள்

போன வாரம் எல்விராவை ஏணி மேல் நிற்கவைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். முழங்கால் வலிக்காரியை ஒரு வாரம் ஏணியில் நிறுத்திவைத்தது பாவம்தான். இனி இறக்கிவிடுகிறேன்.

அதற்கு முன்னால், இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. எல்விராவின் ஒரே மகள் லுசிலா மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் புவெனஸ் அய்ரெஸை விட்டு ஸ்பெயினுக்குப் போனாள். "போறவ போகட்டும்" என்று சொன்ன அப்பா ஒஸ்வால்தோ, வழியனுப்ப விமான நிலையத்துக்குக்கூட வரவில்லை. அன்றிலிருந்து அவள் பெயரை அவன் வாயால் சொன்னதும் இல்லை. இப்போது வலென்சியாவில் அவளுக்கு ஜூன் மாதம் பிரசவம். புருஷன் கப்பலில் வேலை செய்பவன். அந்த நேரம் எந்தக் கடலில் இருப்பானோ தெரியாது. "நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல மா" என்று மகள் சொன்ன நாள் முதல், எல்விராவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. எப்படியாவது போய்விட வேண்டும்.

பணம்? படுக்கையறை ஜன்னலுக்கு மேலே, சுருள்கதவு சுற்றிக்கொள்ளும் மரப்பெட்டிக்குள், அவள் அப்பா அவளுக்கென்று விட்டுப்போன முப்பது நூறு டாலர் நோட்டுகள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெட்டிதான் பேங்க். திருடர்களுக்கும் அது தெரியும் என்பது வேறு விஷயம்.

இன்று வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் கெட்ட செய்தியெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், பேங்க் கதவு சாத்திய பிறகுதான் வரும். அமைச்சர் ஆறு மணிக்குப் பேசப்போகிறார் என்று ரேடியோ காலையிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தது.

டாலருக்கு இங்கே இரண்டு விலை. அரசாங்கம் சொல்வது ஒன்று, தெருவில் விற்பது ஒன்று. விமான டிக்கெட்டை அரசாங்க விலையில் எங்கள் ஊர்ப் பணமான பெஸோவாக மாற்றி விற்கிறார்கள். கையில் டாலர் வைத்திருப்பவர் அதைத் தெரு விலைக்குக் கொடுத்துப் பெஸோ வாங்கி, அந்தப் பெஸோவில் டிக்கெட் எடுத்தால் பாதிக்குப் பாதி லாபம். அமைச்சர் வாயைத் திறந்தால் அரசாங்க விலையும் எகிறிவிடும், லாபம் போச்சு. "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள பணத்தோட வா. திங்கக்கிழமை வந்தா நான் டீதான் தருவேன், டிக்கெட் தர மாட்டேன்" என்று நில்தா எச்சரித்திருந்தாள். நில்தா டிக்கெட் ஏஜென்சி வைத்திருப்பவள். ஒஸ்வால்தோவின் தங்கை, அதாவது எல்விராவின் நாத்தனார்.

ஆகவேதான் காலையில் ஏணி.

மரப்பெட்டிக்குள் கையை விட்டாள். துணிப்பை கையில் தட்டுப்பட்டது. அப்பாடா என்று இறங்கி, கட்டிலில் உட்கார்ந்து, பையைக் கவிழ்த்தாள். நோட்டுகள் முப்பதும் இருந்தன.

முகம்தான் மாறியிருந்தது.

அவள் அப்பா கொடுத்தவை பழைய நோட்டுகள். நடுவில் இருக்கும் பெரியவரின் தலை சின்னதாக ஒரு வட்டத்துக்குள் அடங்கியிருக்கும். பிறகு வந்த நோட்டுகளில் தலை பெரிது. அமெரிக்காக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான். எங்கள் ஊரில் மட்டும் தலை சின்னதென்றால் மதிப்பும் சின்னது. எந்தக் கடையில் நீட்டினாலும் நூறுக்கு ஐந்தோ எட்டோ பிடித்துக்கொண்டுதான் எடுப்பார்கள். நியாயம் கேட்கக் கூடாது. பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போ என்பார்கள். வேறு கடையிலும் அதே கதைதான்.

எல்விராவின் கட்டிலில் கிடந்த முப்பதும் பெரிய தலைகள்.

ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். அப்பாவின் நோட்டுகளில் பாச்சை உருண்டை வாசனை வரும். இதில் ஒரு வாசனையும் இல்லை.

திருடன் வந்தால் எடுத்துக்கொண்டு போவான். எந்தத் திருடன், எடுத்த பணத்தை அதே எண்ணிக்கையில், அதுவும் மதிப்புக் கூடிய நோட்டாகத் திருப்பி வைப்பான்? அப்படி வைத்தான் என்றால் இது நோட்டுதானா, வெறும் காகிதமா? கள்ளநோட்டை நீட்டினால் டிக்கெட் என்ன, போலீஸ்தான் வரும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். நல்ல நோட்டு மாதிரிதான் இருந்தது. கள்ளநோட்டும் நல்ல நோட்டு மாதிரிதானே இருக்கும்?

ஜன்னல் பெட்டி தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் ஒஸ்வால்தோ; காலையில் விசிலடித்துக்கொண்டே தன் ஹார்டுவேர் கடைக்குப் போயிருக்கிறான்.

அந்த விசிலே சரியில்லை என்று இப்போது தோன்றியது. நாடே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாளில் எந்த ஹார்டுவேர் கடைக்காரன் விசிலடிப்பான்?

போன் அடித்தது. லுசிலா.

"மா, டிக்கெட் எடுத்தாச்சா?"

"இன்னைக்கு எடுத்துடுவேன் கண்ணு. உன் வயிறு எப்படி இருக்கு?"

"உள்ள இருக்கிறவன் தலை கீழ திரும்பிட்டானாம். உன்னை மாதிரியே அவசரக்காரன். மா, வரும்போது அந்தப் பழுப்புக் கம்பளிக் கோட்டை எடுத்துட்டு வா. பூட்ஸையும்."

"கம்பளிக் கோட்டா? ஜூன்ல அங்க வெயில் மண்டையைப் பொளக்கும்னு நீதானடி சொன்னே?"

"சாயங்காலம் கடல் காத்து அடிக்கும் மா."

"கடல் காத்துக்குக் கம்பளிக் கோட்டா! பனிப்பாறை மிதக்குதா உங்க ஊர்ல?"

"எடுத்துட்டு வாயேன் மா. இடம் இருக்கும்ல" என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டாள்.

இங்கே ஜூன் குளிர், அங்கே ஜூன் கோடை. ஊரை விட்டுப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு குழம்பிப்போகும் என்று எல்விரா கேள்விப்பட்டிருக்கிறாள். பெண்ணுக்கு நம் ஊர் குளிர்தான் இன்னும் நினைவில் இருக்கிறது போலும். அதுகூட ஒரு சந்தோஷமாக இருந்தது. பையை மார்போடு கோட்டுக்குள் செருகிக்கொண்டு கிளம்பினாள். முதலில் கடை. அப்புறம் நில்தா.

தெருமுனையில் வீட்டுக்காரர் தோன் அன்செல்மோ நாயை நடத்திக்கொண்டு வந்தார். இருபது வருஷத்துக்கு மேலாக அவருடைய வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வாடகைக்கு வந்தால் இரண்டு காபி குடிக்காமல் எழுந்திருக்கமாட்டார். இந்த மே மாதம் வரவேயில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருந்தாள்.

அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். "பயணமாமே எல்விரா அம்மா. நல்லபடியா போய்ச் சேருங்க. உங்களை மாதிரி நல்ல குடித்தனம் எனக்கு இனிமே எங்க கிடைக்கப்போகுது?"

"ஒரு மாசம்தான் தோன் அன்செல்மோ. குழந்தையைக் குளிப்பாட்டிக் குடுத்துட்டு ஓடி வந்துடுவேன். ஏதோ ஒரேயடியா வழியனுப்புற மாதிரி பேசறீங்களே!"

அவர் நாயை இழுத்தார். நாய் நகரவில்லை. கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார்.

இந்த மனுஷனுக்குப் பயணத்தைப் பற்றிச் சொன்னது யார்? அவள் சொல்லவில்லை. ஒஸ்வால்தோ சொல்லியிருக்க வேண்டும். மகள் பெயரையே சொல்லாதவன், மகளைப் பார்க்கப் போகிற செய்தியை மட்டும் ஊரெல்லாம் சொல்கிறானா?

மூன்று தெரு தள்ளிக் கடை. வாசலில் அட்டை தொங்கியது: 'விலை இல்லை. திங்கட்கிழமை வாருங்கள்.'

இதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். டாலர் குதிக்கிற நாளில் எங்கள் ஊர்க் கடைகளில் எதற்கும் விலை இருக்காது. இன்று விற்ற காசுக்கு நாளை அதே சரக்கை வாங்க முடியாது என்பதால் சரக்கைப் பின்கட்டில் பதுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சலூன்காரர்கூட அன்றைக்குத் தலையைப் பார்த்து யோசிப்பார்.

உள்ளே ஒரு குண்டு மனிதர் கத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு மிதவைய்யா! கக்கூஸ் தொட்டிக்கு ஒரே ஒரு மிதவை! வீடு பூரா தண்ணி ஓடுது!"

"ஓடட்டும். தண்ணிக்கு விலை ஏறலையே" என்றான் ஒஸ்வால்தோ. கையில் மாத்தே இலைக் கஷாயக் குவளை. அதிலிருந்த குழலை நிதானமாக உறிஞ்சினான்.

"நீயெல்லாம் ஒரு கடைக்காரனா?"

"திங்கக்கிழமை வாங்க, சொல்றேன்."

அவர் திட்டிக்கொண்டே போனார். எல்விரா அலமாரிகளை ஒரு பார்வை பார்த்தாள். பாதிக்கு மேல் காலி. குழாய்கள் தொங்கும் கம்பியில் துருப்பிடித்த இரண்டே இரண்டு.

"நல்லாத்தான் பதுக்கியிருக்கே" என்றாள். கோபத்துக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது. அவனுக்கு எப்போதும் சாமர்த்தியம் பத்தாது என்பதுதான் அவள் குறை.

"ஊரே செய்யுது. நான் மட்டும் என்ன?" என்றான் அவன், குவளையைப் பார்த்துக்கொண்டே.

"எங்க, பின்கட்டுலயா? ஆணிப் பெட்டி மேல பெயின்ட் டப்பாவை வெச்சுடாதே, போன தடவை மாதிரி" என்று சொல்லி அவள் பின்கட்டுக் கதவை நோக்கி ஓரடி வைத்தாள். அவன் எழுந்து குறுக்கே வந்துவிட்டான். முதுகு வலி, முதுகு வலி என்று மூன்று மாதமாய் முனகுகிறவன், அவ்வளவு வேகமாக எழுந்ததை அவள் பார்த்ததில்லை.

"கால் வைக்க இடமில்லை எல்வி. மேல விழுந்துடும்."

அவள் நின்றாள். அவன் கண்ணையே பார்த்தாள். "ஜன்னல் பெட்டிப் பக்கம் போனியா, கிழவா?"

"ஏன், சுருள்கதவுப் பட்டை அறுந்துடுச்சா?"

"அறுந்துபோகலை."

"அப்புறம் என்ன?"

அவன் கண் சிமிட்டவில்லை. சிமிட்டாததுதான் உறுத்தியது. பொய் சொல்லாதவன் ஒரு தடவையாவது சிமிட்டுவான்.

"நேத்து சாயங்காலம் எங்க போனே?"

"வியாழக்கிழமைதானே, முதுகு டாக்டர்கிட்ட."

"மூணு மாசமா ஒரே முதுகையா பார்க்கறார்?"

"ஒரே முதுகுதானே இருக்கு."

எதிரில் லாட்டரிக் கடை. அதை நடத்துகிற விதவை புதிதாகத் தலைக்குச் சாயம் போட்டிருக்கிறாள். வியாழக்கிழமைகளில் அந்தக் கடையும் சீக்கிரம் மூடுகிறது என்பது எல்விராவுக்கு அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு எண்ணம் வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. வந்த எண்ணம் போகவும் இல்லை.

"நான் நில்தாகிட்ட போறேன். பணத்தோட" என்றாள், அவன் முகத்தைக் கவனித்தபடி.

"போ போ. சீக்கிரம் போ. ஆறு மணிக்குள்ள போயிடு."

என்றைக்கும் இல்லாத அக்கறை. மகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறவன், இன்று அவளை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டான்.

ரிவதாவியா அவென்யூவில் பஸ் ஊர்ந்தது. சூப்பர் மார்க்கெட் வாசல்களில் எண்ணெய்க்கும் நூடுல்ஸுக்கும் வரிசை. பஸ்ஸில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தார்கள். கோட்டை இறுக்கிப் பிடித்திருப்பவர்களிடமெல்லாம் டாலர் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எல்விரா கோட்டை விட்டுவிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். அதில் சீப்பும் கைக்குட்டையும்தான் இருந்தன.

நில்தாவின் ஆபீசில் கூட்டம் தெருவரை நின்றது. உள்ளே ஒரே கூச்சல். "மயாமி இருக்கா?" "எங்கயோ ஒண்ணு குடும்மா, ஆறு மணிக்குள்ள!" நில்தா இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு கண்ணால் அண்ணியை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். உதட்டுச் சாயம் கலையாமல் இருந்தது. அவள் வீடு எரிந்தாலும் அது கலையாது.

"வா அண்ணி. கொண்டு வந்தியா? குடு. நூறுக்கு நூறு எடுத்துக்கறேன். சல்லிக்காசு பிடிக்க மாட்டேன்."

கோட்டுக்குள் போன எல்விராவின் கை அங்கேயே நின்றது.

போன கிறிஸ்துமஸ் விருந்தில், எல்லோர் முன்னாலும், இதே நில்தா என்ன சொன்னாள்? "உங்கப்பா நோட்டா? ஐயோ, சின்னத் தலை! நூறுக்கு அஞ்சு பிடிச்சுப்பேன். சொந்தம்கறதால அஞ்சு, வெளியாளுக்கு எட்டு." மேஜையே சிரித்தது. எல்விரா அன்று பாதித் தட்டோடு எழுந்துவிட்டாள்.

இப்போது நோட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நூறுக்கு நூறாம்.

"ஏன் நாத்தனாரே? தலை பெரிசாயிடுச்சா?"

நில்தாவின் முகம் வெளிறிப்போனது. ஒரு காதிலிருந்த போனை மெதுவாகக் கீழே வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள்.

"என்ன அண்ணி சொல்றே?"

"எங்கப்பா நோட்டை யார் எடுத்தது? நீயா, உங்கண்ணனா? இல்லை ரெண்டு பேருமா? இது நல்ல நோட்டா, கள்ள நோட்டா? சொல்லாட்டி இப்பவே வெளிய போய் அந்தக் கூட்டத்துக்கு நடுவுல நின்னு கேட்பேன்."

கேட்பாள். நில்தாவுக்கு அது தெரியும். கதவைச் சாத்தினாள்.

"நல்ல நோட்டுதான் அண்ணி. சத்தியமா. நானே மெஷின்ல போட்டுப் பார்த்துதான் குடுத்தேன்."

"யார்கிட்ட குடுத்தே?"

"அண்ணன்கிட்ட. ஜனவரியில டாலர் எகிறுச்சே, அப்போ எடுத்துட்டு வந்தான். சின்னத் தலைன்னு கழிச்சுக்கிட்டும் நல்ல விலை கிடைச்சுது. பெஸோவை வட்டிக்குப் போட்டான். ஏப்ரல்ல டாலர் விழுந்துதா, அப்போ திருப்பி முப்பது நோட்டு வாங்கினான். மிச்சம் கையில நின்னுது."

"சைக்கிள் ஓட்டினானா? என் அப்பா பணத்தை வெச்சு?"

டாலரை விற்று, பெஸோவை வட்டிக்கு விட்டு, விலை விழுந்ததும் திருப்பி வாங்குவதை எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுவது என்பார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். தெரியாதவர்கள் பல்லை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒஸ்வால்தோ இரண்டாவது ரகம் என்பதில் எல்விராவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

"சைக்கிள்லேருந்து விழுந்திருந்தா? டாலர் இறங்காமப் போயிருந்தா? என் பொண்ணு தனியா பெத்திருப்பாளே, பாவிகளா!"

"விழலையே அண்ணி."

"மிச்சம் எங்க? எதிர்க்கடைக்காரி தலைக்குச் சாயமா போச்சா?"

"எந்த எதிர்க்கடைக்காரி?" நில்தா நிஜமாகவே விழித்தாள். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு தாளை எடுத்து, நீட்டுவதா வேண்டாமா என்று கையிலேயே வைத்திருந்தாள். எல்விரா பிடுங்கிக்கொண்டாள்.

விமான டிக்கெட். எங்கள் எசெய்சா விமான நிலையத்திலிருந்து மாட்ரிட், அங்கிருந்து வலென்சியா. ஜூன் முதல் வாரம். பயணியின் பெயர்: எல்விரா பஸானி.

ஒரு கணம் நெஞ்சு நெகிழ்ந்துபோனது. ஐயோ, இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன் என்று கண்கூட நிறைந்தது. தாளைத் திருப்பினாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடியும் முன்பக்கம் பார்த்தாள்.

"வர்ற டிக்கெட் எங்க?"

நில்தா மேஜை மேலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"நில்தா, திரும்பி வர்றதுக்கு டிக்கெட் எங்க?"

"ரிட்டர்னும் போடவான்னு கேட்டேன் அண்ணி. காசும் இருந்துது. வேண்டாம்னுட்டான். உன் நோட்டை வாங்கி வெச்சு, கிளம்புற அன்னைக்கு உன் கையிலயே குடுக்கச் சொன்னான்."

"ஏன்?"

"அதை அவன்கிட்ட கேளு. நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். லுசிலாகிட்ட மட்டும்தான் சொன்னேன், அவளும் உன்கிட்ட..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆக, மகளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது. அனுப்பிவைக்கிறான். காலமெல்லாம் ஒரே கட்டிலில் படுத்தவளை, போகிற டிக்கெட் மட்டும் எடுத்து, அவள் அப்பன் காசிலேயே சம்பாதித்து, நாசூக்காக அனுப்பிவைக்கிறான். விசிலடித்துக்கொண்டு.

வெளியே கூட்டம் கதவைத் தட்டியது. சுவரில் கடிகாரம் ஐந்தரையைத் தாண்டியிருந்தது.

எல்விரா கோட்டுக்குள்ளிருந்து பையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அதே விமானத்துல இன்னொரு டிக்கெட் போடு. உங்கண்ணன் பேர்ல."

"அண்ணி!"

"என்னைத் தனியா அனுப்பிட்டு இங்க யாரோட மாத்தே குடிக்கப்போறான்னு நானும் பார்க்கிறேன். போடு."

"அவன் வர மாட்டான் அண்ணி. லுசிலா மூஞ்சில முழிக்க மாட்டேன்னு..."

"முழிக்காதவன் எதுக்குப் போன வருஷம் பாஸ்போர்ட் எடுத்தான்? சட்டைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கான். நான் பார்த்தேன். கேட்கலை. நம்பர் என்கிட்ட இருக்கு."

நில்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டுகளை மெஷினில் போட்டாள். முப்பதும் ஒரு முனகல் இல்லாமல் ஓடின. திரையில் விரல் ஓடியது.

"போக மட்டுமா, வரவும் சேர்த்தா?"

"வரவும். அவனுக்கும் எனக்கும். ஒரே நாள்ல, பக்கத்துப் பக்கத்து சீட்டு."

"இன்னைக்கு விலைக்கு எல்லாத்தையும் சரிக்கட்டி நாலஞ்சு நோட்டு மிஞ்சும் அண்ணி. திங்கக்கிழமையா இருந்தா ஒருத்தருக்கே பத்தாது" என்று நில்தா முணுமுணுத்தாள். அந்த வருஷத்தில் எல்விராவுக்கு டாலர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அவள் கடைக்குத் திரும்பியபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. அட்டை அப்படியே தொங்கியது. எதிரில் லாட்டரிக் கடை திறந்தே இருந்தது. விதவை ஒரு கிழவருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்விரா குனிந்து உள்ளே நுழைந்தாள். முழங்கால் முறுக்கிக்கொண்டது. கோபத்தில் அது உறைக்கவில்லை.

கடையில் யாரும் இல்லை. பின்கட்டுக் கதவின் இடுக்கில் விளக்கு வெளிச்சமும் அமைச்சரின் குரலும் வந்தன. டிக்கெட்டை முகத்தில் எறிவதற்குத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டு, கதவை உதைத்துத் திறந்தாள்.

ஆணிப் பெட்டி இல்லை. பெயின்ட் டப்பா இல்லை. மேலே விழ ஒன்றுமே இல்லை. நான்கு சுவரும், பெட்டிகள் இருந்த இடத்தில் வெளுத்த கட்டங்களும், நடுவில் ஒரு கவிழ்த்த வாளியும். வாளி மேல் ஒஸ்வால்தோ. மடியில் ரேடியோ.

"சரக்கு எங்க?" என்றாள். குரல் காலி அறையில் பெரிதாகக் கேட்டது.

"வித்துட்டேன்."

"எப்போ?"

"வியாழக்கிழமை வியாழக்கிழமையா. வண்டி வரும்."

"முதுகு டாக்டர்?"

"பெட்டி தூக்கினா முதுகு வலிக்காதா, கிழவி?"

காலையில் அவள் இந்தக் காலி அலமாரிகளை நின்று பார்த்தாள். பார்த்து மெச்சினாள். விசிலைச் சந்தேகப்பட்டாள், விதவையைச் சந்தேகப்பட்டாள், நோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கண் முன்னால் கடை காலியாக நின்றதை மட்டும் சந்தேகப்படவில்லை. டாலர் குதிக்கிற நாளில் காலி அலமாரியை எங்கள் ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்?

"டாலர் இறங்கியிருந்த மாசமெல்லாம் தெருவே மலை தாண்டிச் சிலிக்குப் போய்க் குழாய் வாங்கிட்டு வந்துது. என்கிட்ட எவன் வருவான்? இப்போ ஏறிடுச்சு, நான் வாங்கி வைக்க முடியாது" என்றான் ஒஸ்வால்தோ. "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. செவ்வாய்க்கிழமை கடைச் சாவியைக் குடுத்துடணும்."

"அதனால என்னைத் தள்ளிவிட்டுட்டு நீ இங்க...?"

"நில்தா வீட்டுல ஒரு சோபா இருக்கு. எனக்குப் போதும். உனக்கு அங்க ஒரு பொண்ணு இருக்கா. நீ எதுக்கு என்கூட சோபாவுல கிடக்கணும்?"

எறிய வந்த தாளை எல்விரா அவன் மடியில் வைத்தாள், ரேடியோவின் மேல். "படி."

அவன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டான். தன் பெயரை எழுத்துக் கூட்டுகிற மாதிரி படித்தான். அமைச்சர் புது விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்; இரண்டு பேரும் கேட்கவில்லை.

"லுசிலா," என்றான். மூன்று வருஷத்தில் முதல் தடவை. "லுசிலா என்னை உள்ள விடுவாளா?"

"விடாட்டி வாசல்ல நில்லு. நான் காபி கொண்டு வந்து குடுக்கறேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். கண் மறுபடி தாளுக்குப் போனது. இரண்டாவது வரியில் நின்றது. விரலை அதன் மேல் வைத்தான்.

"திரும்பி வரவும் போட்டிருக்கே."

"ரெண்டு பேருக்கும். நீ போடலையே, அதனால நான் போட்டேன். கடை போனாப் போகட்டும். நம்ம வீட்டுக்கு நாம திரும்பி வர வேண்டாமா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில், காலையிலிருந்து அவள் தேடிய உண்மை அவ்வளவும் இருந்தது. பழுப்புக் கம்பளிக் கோட்டு, வாடகைக்கு வராமல்போன வீட்டுக்காரர், தூக்கிக்கொண்டு போன நாய், உங்களை மாதிரி நல்ல குடித்தனம் என்று கழன்ற தொப்பி, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவளுக்கு உறைக்க ஆரம்பித்தன.

"எந்த வீட்டுக்கு, கிழவி?" என்றான் ஒஸ்வால்தோ.